முப்பத்தொரு கேள்வி

பையை மடியிலயே வெச்சுக்கறேனுங்க, மேல வெச்சா கசங்கிப்போகும். உள்ள தாளுங்க. உங்களுக்கு எடைஞ்சல் இல்லீங்களே? சரி. நீங்க கிருஷ்ணகிரியா? நான் பெங்களூரு. சேலத்துல ஏறுனதுல இருந்து பாக்கறேன், நீங்களும் பையைக் கீழ வெக்க மாட்டேங்கறீங்க. மருந்துக் கம்பெனி ரெப்புங்களா? நெனச்சேன். எங்க மாமன் மகன் ஒருத்தன் அதுலதான் இருக்கறான்.

நான் வாத்தியாருங்க. திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜு. காலேஜு பேரு வேண்டாம் விடுங்க. என் பேரு செங்கோட்டுவேலு. கம்ப்யூட்டர் டிபார்ட்மெண்ட்டுல பதினாறு வருசம். பதினாறு வருசத்துல ஒரு வகுப்புக்கு லேட்டாப் போனதில்லை. இதை எதுக்குச் சொல்றேன்னா, நான் வேலையை ஏமாத்தற ஆளில்லைன்னு மொதல்ல நீங்க தெரிஞ்சுக்கோணும். அப்பறம் மத்ததைக் கேளுங்க.

நான் எடுக்கற பாடம் ஒண்ணும் புரியாத பாடமில்லைங்க. வீடு கட்டறதுக்கு முன்னால பிளான் போடறோமில்லீங்களா? அது மாதிரி சாப்ட்வேர் எழுதறதுக்கு முன்னாலயும் ஒரு படம் போடோணும். ஒரு தொழில்ல என்னென்ன பொருள் இருக்குதோ ஒவ்வொண்ணுக்கும் ஒரு கட்டம். கட்டத்துக்குள்ள மேல அதோட பேரு, நடுவுல அதுக்கு என்னென்ன தெரியும்கறது, அடியில அது என்னென்ன செய்யும்கறது. கட்டத்துக்கும் கட்டத்துக்கும் என்ன சம்பந்தமோ அதுக்கு ஒரு கோடு. ஆஸ்பத்திரின்னா டாக்டர் ஒரு கட்டம், நோயாளி ஒரு கட்டம், மருந்துச்சீட்டு ஒரு கட்டம். அவ்வளவுதானுங்க. கேக்கறதுக்கு லேசு. புதுசாப் படிக்கற பசங்களைப் போடச்சொல்லிப் பாருங்க, அழுகையே வந்துரும்.

ஒருத்தன் ஊர்ல இருக்கற அத்தனையும் ஒரே கட்டத்துல அடைச்சு மேல 'சிஸ்டம்'னு எழுதிக் கொண்டாருவான். ஒருத்தி 'பணி முடிந்தது'ன்னு ஒரு கட்டம் போடுவா. அது என்ன பொருளாம்மான்னா முழிப்பா. பொதுவான கட்டத்தோட குணமெல்லாம் அதுல இருந்து பிரியற கட்டத்துக்கும் வரும், அதுக்கு வாரிசு அம்புன்னு பேருங்க. வாகனம் மேல, லாரி கீழ, அப்படி. ஒரு பையன் அப்பான்னு ஒரு கட்டத்தை மேல போட்டு, மகன்னு ஒரு கட்டத்தைக் கீழ போட்டு வாரிசு அம்பை இழுத்துட்டான். ஏண்டா இப்படின்னா, "சொத்து வருதில்லீங்க சார்"ங்கறான். சிரிக்காதீங்க. அவன் வெளையாட்டுக்குச் சொல்லலை.

வருசா வருசம் இதே கூத்துங்க. மத்த வாத்தியாருக எல்லாம் ஏழு மார்க் எட்டு மார்க் போட்டுத் தள்ளிட்டுப் போயிருவாங்க. எனக்கு மனசு வராது. தப்புன்னா எது தப்புன்னு அவனுக்குத் தெரியோணுமில்லீங்களா? போன வருசம் லீவுல உக்காந்து, இருக்கற புஸ்தகத்தை எல்லாம் பொரட்டி, ஒரு பட்டியல் தயார் பண்ணுனேன். முப்பத்தொரு கேள்வி. ஒவ்வொரு படத்தையும் இந்த முப்பத்தொரு கேள்வி கேக்கோணும். கட்டத்தோட பேரு பெயர்ச்சொல்லா? அது தொட்டுப் பாக்க முடியற பொருளா, இல்லாட்டி ஒரு பதிவேட்டுல ஏறுற விசயமா? இது ஏழாவது கேள்வி. கட்டம் ஏழுக்குக் கொறையாம, ஒம்பதுக்கு மேல போகாம இருக்குதா? எல்லாத்தையும் கட்டி மேய்க்க ஒரு மேலாளர் கட்டம் இருக்குதா? இது பதினாலாவது கேள்வி. இப்படி. ஆம்னா மார்க், இல்லைன்னா இல்லை. நூத்துக்குக் கணக்குப் போட்டரலாம். யாரும் வாத்தியார் ஓரவஞ்சனை பண்ணிட்டாருன்னு சொல்ல முடியாது.

கடைசி வருசம், கடைசி செமஸ்டர், அறுவத்திரெண்டு பேரு. ஆளுக்கொரு தொழிலை எடுத்துக்கச் சொன்னேன். மொதல் படத்துக்குச் சராசரி நாப்பத்தொண்ணு. சனிக்கெழமையெல்லாம் லேபைத் தொறந்து வெச்சு ஒவ்வொருத்தரையா பக்கத்துல உக்கார வெச்சேன். செவப்பு மையில திருத்துவேன். திரும்பப் போட்டுட்டு வா. மறுபடி திருத்துவேன். மறுபடி போட்டுட்டு வா. ஆளுக்கு நாலு படம். அதுவும் கையால, பென்சில்ல. கம்ப்யூட்டர்ல போட்டா ஒருத்தன் படத்தை இன்னொருத்தன் எடுத்துக்குவான், அதுக்கு நான் எடங்குடுக்க மாட்டேன். எங்க வீட்டுல கேட்டாங்க, சனிக்கெழமையும் அங்கேயே பாய் போட்டுக்கறதுதானேன்னு.

அதுல கௌசிகான்னு ஒரு புள்ள. அந்தப் புள்ளைக்காகத்தானுங்க இப்பப் போறேன்.

அவங்கப்பா போர் வண்டியில, அதாங்க ஆழ்துளைக் கெணறு போடற லாரியில, டிரைவர். எங்க ஊரே போர் வண்டி ஊருதானுங்க, தெரிஞ்சிருக்கும். வருசத்துல எட்டு மாசம் வடக்கேதான் இருப்பாரு, சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம்னு. அந்தப் புள்ள போர் போடற ஆபீசையே எடுத்துக்கிச்சு. நல்லதுதானேன்னு விட்டேன். மொதல் படத்தைக் கொண்டாந்துது பாருங்க. அஞ்சே கட்டம். வண்டி, ஆளுங்க, போர் போடச் சொல்ற தோட்டக்காரர், மண்ணு சரியாம எறக்கற கேசிங் பைப்பு. நட்ட நடுவுல பெருசா ஒரு கட்டம், அதுக்குப் பேரு 'குழி'. எல்லாக் கோடும் அந்தக் குழிக்குத்தான் போகுது.

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு.

"ஏங் கண்ணு, குழிங்கறது என்ன?"

"போர்க்குழி சார்."

"குழிக்குள்ள என்ன இருக்கும்?"

"ஒண்ணும் இருக்காது சார். தண்ணி இருந்தா இருக்கும்."

"ஒண்ணுமே இல்லாத எடத்துக்குத்தான் குழின்னு பேரு. இல்லாத ஒண்ணு எப்படிம்மா ஒரு பொருளாகும்? ஏழாவது கேள்வியைப் படி."

பசங்களெல்லாம் சிரிச்சாங்க. அந்தப் புள்ள சிரிக்கலை. நின்னுட்டே சொல்லுச்சு: "சார், எங்கப்பா போன் பண்ணுனா வண்டியைப் பத்தியே பேச மாட்டாரு சார். இந்தக் குழியில நானூறு அடியில பாறை, அந்தக் குழி சரிஞ்சுருச்சு, அதுல அறநூறுல தண்ணி காட்டுச்சுன்னு குழியைப் பத்தித்தான் பேசுவாரு. வண்டி அடுத்த ஊருக்குப் போயிரும் சார். ஆளும் மாறிருவாங்க. குழி மட்டுந்தான் சார் அங்கயே இருக்கும்."

நல்லாப் பேசும் அந்தப் புள்ள, அதுல கொறை சொல்ல மாட்டேன். ஆனா பேச்சுக்கு மார்க் குடுக்க முடியாதில்லீங்களா? முப்பத்தொரு கேள்வியையும் போட்டுப் பார்த்தேன். நாப்பத்தெட்டு வந்துது. குழியை அடிச்சுட்டு, 'வேலைப்பதிவு'ன்னு ஒரு கட்டம் போட்டு, அதுக்குள்ள 'ஆழம்'னு ஒரு வரியா வெச்சுரும்மான்னு எழுதிக் குடுத்தேன். ரெண்டாவது படத்துல குழியை ஓரமாச் சின்னதா வெச்சிருந்துது. அதையும் அடிச்சேன். மூணாவதுல இல்லை. நாலாவது படம், ஒம்பது கட்டம், மேலாளர் எல்லாம் வெச்சு, கோடெல்லாம் அடிகோல் புடிச்ச மாதிரி. தொண்ணூத்து நாலு! வகுப்புலயே அதுதான் ஒசத்தி. மொதல் படத்தையும் நாலாவது படத்தையும் திரையில பக்கத்துல பக்கத்துல போட்டுக் காட்டுனேன். பாருங்கடா, முயற்சி பண்ணுனா எப்படி மாறுதுன்னு. அந்தப் புள்ள தலையைக் குனிஞ்சுட்டு உக்காந்திருந்துது. கூச்ச சுபாவம்.

வகுப்புச் சராசரி தொண்ணூத்தொண்ணுக்கு வந்துருச்சுங்க. நாப்பத்தொண்ணுல இருந்து! கோவைல ஒரு கருத்தரங்குல கட்டுரையா வாசிச்சேன். பிரின்சிபால் சால்வை போட்டாரு. படமா வரைஞ்சா அந்தக் கோடு அப்படியே ஏறும், மலைக்கோயில் படி மாதிரி.

ஏப்ரல் மாசம் பரீட்சை. வெளியில இருந்து ஒரு மேடம் வந்திருந்தாங்க, ரெஜினான்னு, டாக்டர் பட்டம் வாங்குனவங்க. அறுவத்திரெண்டு படத்தையும் வாங்கி மேசை மேல அடுக்குனாங்க. ஒரு பத்துப் படம் பொரட்டியிருப்பாங்க. அப்படியே நிறுத்திட்டாங்க. ஆறு படத்தை எடுத்து வரிசையா வெச்சு, தலைப்பு மேல எல்லாம் வெள்ளைத்தாளை வெச்சு மூடிட்டு என்னைக் கூப்பிட்டாங்க.

"சார், இதுல எது லைப்ரரி, எது ஆஸ்பத்திரி, எது பஸ் டெப்போ? சொல்லுங்க பாக்கலாம்."

பேரைப் பாக்காம எப்படிங்க சொல்றது? அப்படித்தான் சொன்னேன்.

அப்பறம் பசங்களை ஒவ்வொருத்தரா கூப்பிட்டு, இந்தக் கட்டம் எதுக்கு, இந்தக் கோடு எதுக்குன்னு கேட்டாங்க. எனக்குச் சந்தோசமா இருந்துது, ஏன்னா ஒருத்தன்கூடத் தடுமாறலை. "கேள்வி பதினாலு மேடம்." "கேள்வி இருவத்திரெண்டு மேடம்." எந்தக் கட்டத்துக்கு எந்தக் கேள்வின்னு அத்தனை பேரும் நெத்தியடியாச் சொன்னாங்க.

கௌசிகா முறை வந்துது. மேடம் படத்தை ரொம்ப நேரம் பாத்தாங்க.

"போர் போடற ஆபீஸ்னு போட்டிருக்கியேம்மா. இதுல போர் எங்க?"

அந்தப் புள்ள ஒரு தரம் என்னைப் பாத்துது. அப்பறம் சொல்லுச்சு: "அது ஒண்ணுமில்லாத எடம்ங்க மேடம்."

பாருங்க, ஜனவரியில ஒரே ஒரு தரம் சொன்னது, ஏப்ரல் வரைக்கும் ஞாபகம் வெச்சிருந்துது. மேடம் பேனாவை மூடி வெச்சுட்டாங்க.

அன்னிக்கே யுனிவர்சிட்டிக்கு எழுதிட்டாங்க, பசங்க கூட்டாப் பாத்து வரைஞ்சிருக்கறாங்கன்னு. அறுவத்திரெண்டு பேருக்கும் ரிசல்ட் நிறுத்தி வெச்சாச்சு. பாத்து வரைஞ்சாங்களாம்! பாத்து வரையக் கூடாதுன்னுதானுங்க நான் சனிக்கெழமை சனிக்கெழமை உக்காந்தேன். காலேஜு முன்னால பெத்தவங்க கூட்டம். எட்டுப் பேருக்கு வேலை உத்தரவு வந்திருந்துதுங்க, ஜூலை ஒண்ணாந்தேதி சேரோணும், பாஸ் ஆன சான்றிதழோட. கௌசிகாவுக்கு இந்தப் பெங்களூருக் கம்பெனி. அவங்க குடும்பத்துலயே ஆபீஸ்ல உக்காந்து வேலை பாக்கப்போற மொத ஆளு.

ஜூன் ரெண்டாவது வாரம் விசாரணைக் கமிட்டி. நான் பயப்படலை. அறுவத்திரெண்டு பேரோட நாலு படத்தையும், மொத்தம் எரநூத்தி நாப்பத்தெட்டுத் தாளு, ரெண்டு அட்டைப்பெட்டியில கட்டிக் கொண்டுபோனேன். பாருங்கய்யா, மொதல் படம் எல்லாம் வேற வேற. ஒருத்தன் போட்டது மாதிரி இன்னொருத்தன் போடலை. பாத்து எழுதறவன் மொதல்லயே பாத்து எழுதிருப்பானில்ல? இதைவிட என்னங்க சாட்சி வேணும்?

கமிட்டித் தலைவர் வயசானவரு. ஒரு மணி நேரம் பொறுமையாப் பொரட்டிப் பாத்தாரு. பாத்துட்டுச் சொன்னாரு: "மொதல் படம் அறுவத்திரெண்டும் வேற வேற. கடைசிப் படம் அறுவத்திரெண்டும் ஒண்ணு. நடுவுல இருக்கறது உங்க செவப்பு மை மட்டுந்தான். பசங்க யாரையும் பாத்து வரையலைங்க மிஸ்டர் செங்கோட்டுவேலு. உங்களைத்தான் வரைஞ்சிருக்கறாங்க."

இது என்ன பேச்சுங்க? நான் ஒரு கட்டமாவது போட்டுக் குடுத்தனா? கேள்விதானே கேட்டேன்?

கடைசியில அவங்களே ஒரு வழி சொன்னாங்க. 'மாதிரிப் படத்தை நானேதான் மாணவர்களுக்குக் கொடுத்தேன்'னு நான் எழுதிக் கையெழுத்துப் போட்டரோணும். போட்டா பசங்க மேல தப்பில்லைன்னு ரிசல்ட்டை விட்டுருவாங்க. என் மேல நடவடிக்கை. போடலைன்னா எல்லாருக்கும் ஒரு வருசம் போகும்.

நீங்களே சொல்லுங்க. குடுக்காததைக் குடுத்தேன்னு எப்படிங்க எழுதறது? நடவடிக்கைக்குப் பயந்து இல்லைங்க. வாழ்க்கையில ஒரு பொய் எழுதிக் கையெழுத்துப் போட்டதில்லை நான். யோசிக்கோணுமுன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

பசங்க நாலஞ்சு பேரு வந்து கெஞ்சிப் பாத்தாங்க. இருங்கடா, உண்மை ஜெயிக்கும்னு அனுப்பி வெச்சேன். ஒரு நாள் மத்தியானம் கௌசிகா தனியா வந்துது ஸ்டாப் ரூமுக்கு. அது கெஞ்சலை. அதோட நாலாவது படத்தோட ஜெராக்ஸை என் மேசையில வெச்சுது.

"சார், நீங்க குடுக்கலைன்னு எனக்குத் தெரியும். ஆனா இதுல என்னோடது எதுன்னு ஒண்ணே ஒண்ணு காட்டுங்க சார். ஒரு கோடு காட்டுனாப் போதும். நான் போயிடறேன்."

பாத்தேனுங்க. நெசமாலுமே நல்லாப் பாத்தேன். கட்டம் கட்டமாப் பாத்தேன்.

"கையெழுத்து உன்னோடதுதானே கண்ணு"ன்னேன்.

அந்தப் புள்ள தாளை எடுத்துட்டுப் போயிருச்சு.

ரெண்டு நாளோ மூணு நாளோ கழிச்சு ஒரு போன். ஒரே எரைச்சல், கம்ப்ரசர் ஓடற சத்தம். "சார், நான் கௌசிகா அப்பனுங்க. சத்தீஸ்கர்ல இருந்து பேசறேனுங்க." கத்திக் கத்திப் பேசறாரு. "படிப்பு விசயம் எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க சார். ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேனுங்க. எம்புள்ள பாத்து எழுதுச்சுங்களா?"

"இல்லைங்க. சத்தியமா இல்லை."

"பாத்து எழுதியிருந்தாச் சொல்லிருங்க சார், நான் வந்து கூட்டிட்டுப் போயிடறேன். ஊர்ல அப்படித்தான் பேசறாங்களாம். அதுக்கு வெளிய தலை காட்ட முடியலைங்களாம்."

"இல்லைங்க, பாத்து எழுதலை."

"அப்ப அதை எழுத்துல குடுத்துருங்க சார். ஒரு துண்டுச் சீட்டுல போதுமுங்க."

அவ்வளவுதான். போனை வெச்சுட்டாரு. மறுநாள் காலையில போய்க் கையெழுத்துப் போட்டேன். வேற என்ன பண்றதுன்னு தெரியலை.

மொத்தம் மூணு வாரந்தானுங்க யோசிச்சேன். ஒரு மனுசன் மூணு வாரம் யோசிக்கக் கூடாதுங்களா?

கையெழுத்துப் போட்ட அன்னிக்கு ஜூலை நாலு. ரிசல்ட் வந்தது பத்தொம்பது. எட்டுப் பேர்ல ஏழு பேருக்கு எப்படியோ வேற எடத்துல அமைஞ்சுருச்சு. சொந்தக்காரங்க, அண்ணன், மாமன்னு பெரிய ஊர்ல ஆள் இருந்துது. கௌசிகாவுக்கு யாரிருக்கறா? கம்பெனிக்காரங்க ஒரு வரி மெயில் அனுப்புனாங்க, தேதி முடிஞ்சு போச்சு, வாழ்த்துக்கள்னு. வாழ்த்துக்களாம்.

என்னை அந்தப் பாடத்துல இருந்து எடுத்துட்டாங்க. இப்ப பரீட்சை ஹாலுல எந்த நம்பரு எந்தப் பெஞ்சுல உக்காரோணும்னு போர்டுல எழுதற வேலை. அதை விடுங்க. நான் அந்தக் கம்பெனிக்கு லெட்டர் போட்டேன், ரெண்டு தரம். போன் பண்ணுனேன், பதினாலு தரம். இந்தியில ஒரு பொம்பளை, இங்கிலீஷ்ல ஒரு பையன், அப்பறம் பாட்டுப் போட்டு விட்டுர்றாங்க. யாரைப் பாக்கோணும்னுகூடத் தெரியாமத்தான் போயிட்டு இருக்கறேன். வாட்ச்மேன் உள்ள விடுவானாங்கறதே சந்தேகம். விடலைன்னா கேட்டுக்கு வெளிய நிக்கறேன். வெளிய வர்றவங்க யாராச்சும் ரெண்டு நிமிசம் கேக்க மாட்டாங்களா? கேக்க மாட்டாங்கதான். தெரியுது. ஆனா வீட்டுல உக்கார முடியலைங்க.

போன வாரம் அந்தப் புள்ளையைப் பாத்தேன். திருச்செங்கோட்டுல ஒரு போர் வண்டி ஆபீஸ்ல போன் எடுக்குது. எந்த வண்டி எங்க நிக்குதுன்னு நோட்டுல எழுதி வெக்கற வேலை. என்னைப் பாத்ததும் எந்திரிச்சு நின்னுச்சு. அந்த மரியாதை மாறலைங்க. நான் இப்படி இப்படிப் பெங்களூரு போறேன், உன் தெறமையைக் காட்டி நேர்லயே பேசறேன்னேன். வேண்டாம்னு சொல்லும்னு நெனச்சேன். சொல்லலை. "போனா, என்னோட மொதல் படத்தை எடுத்துட்டுப் போங்க சார்"னுச்சு.

"ஏம்மா?"

"அதுதான் சார் நான் போட்டது."

அதுக்குள்ள போன் அடிச்சுருச்சு. வண்டி எதுவோ வழியில நின்னு போச்சாம். அது பேச ஆரம்பிச்சுருச்சு. நான் வந்துட்டேன்.

இருங்க, காட்டறேன். இந்தப் பிளாஸ்டிக் உறையில வெச்சிருக்கறேன், மழைத்தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாது. கொஞ்சம் உங்க பையை நகத்திக்கிட்டீங்கன்னா விரிச்சே காட்டலாம். பாருங்க. இது நாலாவது படம். தொண்ணூத்து நாலு.

மொதல் படமா? அது வீட்டுல இருக்குதுங்க. கெளம்பறப்ப ரெண்டையும் கையில வெச்சுக்கிட்டு வாசல்லயே நின்னேன், ரொம்ப நேரம். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு வீட்டுல சத்தம் போட்டாங்க. அந்தப் புள்ள ஏதோ ஆசையில சொல்லுது, சின்னப் புள்ளதானே. நாப்பத்தெட்டு மார்க் வாங்குன தாளைக் கொண்டுபோய் நீட்டி, இந்தப் புள்ளைக்கு வேலை குடுங்கன்னு நான் எந்த வாயில கேப்பேன்?